திரும்புற பஸ் எப்ப?

என் அத்தை கமலை ஓட்டுவாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் களை எடுப்பார்கள், கதிர் அறுப்பார்கள், சுமை சுமப்பார்கள். கிணற்று மேட்டில் மாட்டைப் பூட்டி, வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பது மட்டும் ஆண்கள் வேலை. அத்தைக்குக் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மாமாவுக்குக் கூடப் பிறந்தவர்களும் இல்லை. குஜிலியம்பாறைப் பக்கத்து வறண்ட காட்டுக்கு நடுவில் ஒரு கிணறும் அதைச் சுற்றிய தோட்டமும் அவள் கைக்கு வந்தன. ஆள் வைத்துப் பயிர் செய்தாள். ஒரு நாள் ஆள் வரவில்லை. கத்தரிச் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஊர் வாயில் கை வைத்துப் பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது.

அவள் என் அப்பாவின் அக்கா. குரல் பெரிது. தோட்டத்திலிருந்து அவள் மாட்டை அதட்டினால் ஊருக்குள் அம்மி அரைக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். காதில் தண்டட்டி தொங்கும். அவள் கோபமாகப் பேசும்போது அது இரண்டு பக்கமும் ஆடும். சின்ன வயதில் அவள் வாயைவிட அதைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆகித் திண்டுக்கல் வந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காலையில் குஜிலியம்பாறைப் பக்கம் போய், மத்தியானம் டவுனுக்குத் திரும்பி, சாயங்காலம் இன்னொரு நடை போகும் வண்டி. எங்கள் ஊர் அந்த ரோட்டிலேயே இருந்ததால் பிறந்த வீடு எனக்குத் தூரமாகவே தெரியவில்லை. சந்தை நாளில் அத்தை காய்க்கூடையை வண்டி மேல் ஏற்றிக்கொண்டு வருவாள். விற்று முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "டவுன்காரிக, தண்ணிக்கு இப்பிடியா நாயா அலைவீக!" என்று எங்கள் தெருக் குழாயடியைத் திட்டிவிட்டு, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, சாயங்கால நடையில் திரும்பிப் போவாள்.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்த பிறகு, அத்தை என் அண்ணனையும் மதினியையும் தன் வீட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டாள். "எனக்கு யாரு இருக்கா? அவுகளுக்கும் யாரு இருக்கா?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் உழைப்பாளி. மதினியும் கை ஓயாதவள். தோட்டம் செழித்தது. சில வருஷம் எல்லாம் நன்றாகவே போனது.

பிறகு ஒரு நாள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பெரியம்மாவ வண்டியில பாத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சந்தைக்கு அண்ணன்தான் கூடையோடு வந்துகொண்டிருந்தான். கேட்டதற்கு, "அத்தைக்கு முட்டு வலி, ஏற முடியல" என்றானாம். அடுத்த முறை, "காது கேக்கல." அதற்கடுத்த முறை, "புத்தி தடுமாறுது."

ஒரே ஆளுக்கு இவ்வளவு வேகமாக இவ்வளவு வருமா என்று நினைத்தேன். வயசுதான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அத்தையைத் தேடினேன். கன்றுக்குட்டி கட்டும் சாய்ப்புக்குப் பக்கத்தில், சாக்கில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில், அவளுக்கு இடம் அங்கே.

பாதி ஆளாக இருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் என்றாள் மதினி. காதில் தண்டட்டி இல்லை, வளர்ந்த காது வெறுமனே தொங்கியது. தொலைத்துவிடுவாள் என்று கழற்றி வைத்திருக்கிறார்களாம். அத்தை ரவிக்கை போடாத காலத்து மனுஷி. முழங்கைக்கு மேலே கறுத்துப் போன தடங்கள் தெரிந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மதினி சொன்னாள், "எருமை முட்டிருச்சு."

அத்தையிடம் நான் எதைக் கேட்டாலும் மதினிதான் பதில் சொன்னாள். சாப்பிட்டீங்களா என்றால், "இப்பத்தான் ரெண்டு தரம் சாப்புட்டாக." தூக்கம் வருதா என்றால், "நல்லாத் தூங்குறாக." அத்தை என்னைப் பார்க்கவில்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே, "கோழி கூவிருச்சா? மாட்டைப் பூட்டுங்க" என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள். உறவுக்காரப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், ஆளு எப்பிடி இருந்துச்சு."

அவள் முகத்தில் ஈ உட்கார்ந்தது. விரட்டக் கையை ஓங்கினேன். அத்தை சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, முழங்கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கினாள். கண நேரம்தான். உடனே கையை இறக்கிவிட்டாள். புத்தி தடுமாறியவளின் கை அல்ல அது. அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்த கை.

திரும்பும் வழியெல்லாம் அந்த முழங்கைதான் கண்ணில் நின்றது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். நானும் அக்காவும் தண்ணீர் வரிசையில் பேசாத விஷயம் இல்லை. பார்த்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றே ஒன்று கேட்டார்.

"எருமை முட்டிச்சுன்னு சொல்றியே, அந்த இடத்துல மஞ்சப்பத்துப் போட்டிருந்தாங்களா?"

"இல்லக்கா."

"எண்ணெய்? ஒத்தடம் குடுத்த தடம்?"

யோசித்துப் பார்த்தேன். தோல் காய்ந்து வெளிறிக் கிடந்தது. "ஒண்ணுமே இல்லக்கா."

"எருமை முட்டினா வீட்டுல ஒருத்தராவது பதறி ஓடி வந்திருப்பாங்களே, தங்கச்சி. யாருமே பதறல பாரு."

வீட்டுக்காரரிடம் வந்து அழுதேன். உங்கள் வீட்டு விவகாரம், எனக்கென்ன என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மைத்துனன் வீட்டு விஷயத்தில் வாய் வைக்கிற மனுஷர் இல்லை அவர். ஆனால் அன்றைக்குச் சொன்னார்.

"திருவிழா அன்னைக்கி எல்லா வீடும் வெள்ளையடிச்சுத்தான் இருக்கும். சும்மா ஒரு நாள் போ. போறேன்னு தகவல் சொல்லாம போ. காலை நடையில எறக்கி விடுறேன், மத்தியான நடையில வந்து ஏத்திக்கிறேன்."

அப்படித்தான் போனேன். பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். கடலை பிடுங்கும் பருவம். ஊரில் ஆட்கள் யாரும் இல்லை, எல்லாரும் காட்டில். வீட்டு வாசல் திறந்தே கிடந்தது. "அண்ணே, மதினி" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. உள்ளே போனேன்.

விதை வைக்கிற சின்ன அறைக்கு ஒரு கதவு உண்டு. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் புதிதாக ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். விதைக்கு எதற்குக் கொக்கி என்று நினைத்தபடியே அதை நீக்கினேன்.

அத்தை உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். மூத்திர வாடை. தட்டில் ஒட்டிக் காய்ந்த களி. தண்ணீர்ச் செம்பு காலி. என்னைப் பார்த்தவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு, "கோழி கூவிருச்சா? மாட்டைப் பூட்டுங்க" என்றாள்.

"அத்தே, நான்தான். ஒத்தையிலதான் வந்திருக்கேன்."

"கோழி கூவிருச்சா?"

நான் அடுப்படிக்கு ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். தலையைச் சாய்த்து வாசல் பக்கம் உற்றுக் கேட்டாள். காக்கைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

பிறகு என் கையைப் பிடித்து, தெளிவான பழைய குரலில், ஆனால் மெதுவாகக் கேட்டாள்.

"திரும்புற பஸ் எப்ப?"

நான் அழுதேவிட்டேன்.

"அத்தே! உங்களுக்கு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். அழுகாத, நேரமில்ல. பஸ் எப்பன்னு சொல்லு."

"உச்சிப் பொழுதுக்கு வந்துரும்."

"அப்ப எந்திரி. நான் வெரசா நடக்க முடியாது, இப்பவே கெளம்பணும். வழியில எவ வந்தாலும் நீ பேசு, நான் கிறுக்கிதான். புரிஞ்சுச்சா?"

மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. நான் அவள் தோளைத் தாங்கிக்கொண்டேன். கை வைத்த இடத்தில் எலும்புதான் தட்டுப்பட்டது. ஆனாலும் வாசலைத் தாண்டும்போது அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது.

பாதி வழியில் மதினி புல்லுக்கட்டோடு எதிரே வந்தாள். எங்களைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

"எங்க கூட்டிட்டுப் போறீக?"

"டவுன் ஆஸ்பத்திரியில காட்டுறதுக்கு, மதினி."

"அவுகளக் கேக்காமயா?"

"அண்ணன் வேலையா இருப்பாரு. காட்டிட்டு நானே கொண்டு வந்து விடுறேன்."

மதினி அத்தையை உற்றுப் பார்த்தாள். அத்தை புல்லுக்கட்டைக் காட்டி, "இதுக்குத் தாலி கட்டியாச்சா?" என்றாள். மதினி காட்டுப் பக்கம் திரும்பி ஓடினாள். அண்ணனைக் கூப்பிடத்தான்.

நாங்கள் ரோட்டடிப் புளியமரத்துக்கு வந்து சேர்ந்தபோது வண்டி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அது நிற்பதற்கும் அண்ணன் மண் அப்பிய காலோடு ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது.

"கிறுக்குப் புடிச்சவள டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி எங்க மானத்த வாங்கப் போறியா?" என்று கத்திக்கொண்டே அத்தையின் கையைப் பிடித்து இழுத்தான். அத்தையின் தலை மறுபடியும் தோளுக்குள் போனது. இந்த முறை அதை வண்டியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"மச்சான், கைய எடுங்க."

"இது எங்க வீட்டு விஷயம் மாப்ள."

"வீட்டு விஷயத்த வீட்டுல பேசிக்கிருவோம். இப்ப பெரியம்மா என் வண்டிப் பாசஞ்சர். கைய எடுங்க, வண்டிக்கு நேரமாச்சு."

கண்டக்டரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். முன் சீட்டிலிருந்த ஒரு கூடைக்காரப் பெண் எழுந்து இடம் விட்டு, "இங்கிட்டு வாத்தா" என்று அத்தைக்குக் கை நீட்டினாள். அண்ணனின் பிடி தளர்ந்தது. அத்தை ஏறினாள்.

வண்டி நகர்ந்தது. ஊர் எல்லைக் கல் தாண்டும் வரை அத்தை குனிந்தே இருந்தாள். தாண்டியதும் நிமிர்ந்தாள். இறைவை மேட்டில் நின்று மாட்டை அதட்டுகிற அந்தக் குரலில், வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மாப்ளே! செத்த மெதுவாப் போங்க. எங் கெணத்தப் பாத்துக்கிறேன்."

வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தே விட்டார். வண்டி நின்றேவிட்டது. கூடைக்காரப் பெண் வாயைப் பிளந்தாள். அத்தை ஜன்னல் வழியாகத் தன் கிணற்றையும், தென்னையையும், கத்தரிப் பாத்தியையும் ஆற அமரப் பார்த்தாள். "களை மண்டிக் கெடக்கு, பாரு" என்றாள். பிறகு, "ம், போகலாம்" என்றாள். வண்டியில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, சோறு போடுங்கள் என்றார்.

சோறு போட்டோம். ஆனால் அதுவும் எளிதாக இல்லை. அத்தை தட்டை மறைத்துக் குனிந்துகொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி அவசரமாக விழுங்கினாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். பாயைச் சுருட்டும்போது அடியில் காய்ந்த இட்லி கிடைக்கும். "நாளைக்கும் போடுவோம் அத்தே" என்று சொன்னால் தலையாட்டுவாள், மறுநாளும் முடிந்துகொள்வாள். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக்கால் வேகவைத்து இறக்கிய ரசத்தைக் கொண்டு வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தன் கதைகளைச் சொல்லிக்கொண்டே குடிக்க வைப்பார். அத்தைக்குக் கதை கேட்கும் ஆசையில் அவசரம் குறைந்தது.

ஒரு நாள் மத்தியானம் அத்தை பாதி சாப்பாட்டில் கையை நிறுத்தினாள். "என்ன புள்ள, கொழம்புல புளி இப்பிடித் தூக்கலா இருக்கு? வெஞ்சனத்துல உப்பே இல்ல. இதத்தான் மாப்ளைக்கி நீ தினம் போடுறியா?" என்று கேட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே தள்ளி வைத்துக் கை கழுவிவிட்டாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, வேண்டாம்னு சொல்லிட்டாங்க!" அக்கா அந்த மிச்சச் சோற்றைப் பார்த்து, "அல்லா" என்று மார்பில் கை வைத்துச் சிரித்தார்.

நடந்ததை அத்தை அதற்குப் பிறகுதான் சொன்னாள், அதுவும் ஒரே நாளில் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டோ, பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டோ, துண்டு துண்டாகச் சொன்னாள்.

ஊருக்கு மின்சாரம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் அண்ணனுக்குக் கிணற்றில் மோட்டார் வைக்கும் ஆசை வந்தது. அதற்கு நிலம் தன் பேரில் இருக்க வேண்டும், எழுதிக் கொடு என்று கேட்டான். நான் போன பிறகு உனக்குத்தானே, இப்போது என்ன அவசரம் என்றாள் அத்தை. முதலில் கெஞ்சினான். பிறகு பேசாமல் இருந்தான். பிறகு சோறு குறைந்தது. ஒரு நாள் அவளைப் பத்திர ஆபீசுக்கே கூட்டிப் போய்விட்டான். வழியெல்லாம், கைநாட்டு வைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று மதினி காதில் சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

"ஆபீசர் நல்ல மனுசன். ஏம்மா, நீங்களா மனசு வச்சுத்தான் குடுக்குறீகளான்னு கேட்டாரு. ஆமான்னா எம் மண்ணு போச்சு. இல்லைன்னா வீட்டுக்குப் போயி எங் கதி என்ன? என்ன செய்யன்னு தெரியல புள்ள. சட்டுனு வாயில வந்துச்சு. 'கோழி கூவிருச்சா? மாட்டைப் பூட்டுங்க'ன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

ஆபீசர் இன்னொரு தரம் கேட்டாராம். அத்தை அவர் மேசை மேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்து, இதில் தண்ணீர் ஊறுமா என்று கேட்டாளாம். புத்தி நிதானம் இல்லாதவர்களின் கைநாட்டு செல்லாது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"அம்புட்டுத்தான். அந்த வழிதான் எனக்குக் கெடச்சுச்சு. அதுக்கப்புறம் நான் தெளிவாப் பேசினா அடுத்த நாளே ஆபீசுதான். அதனால பேசவே இல்ல. அடிச்சாக. கிறுக்குத் தெளியுதான்னு பாக்க அடிச்சாக. கோழி கூவிருச்சான்னுதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருட்டு அறையில், பசியோடு, தன் புத்தியை ஒளித்து வைத்துக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நினைத்துப் பார்த்தேன்.

அண்ணன் உறவுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கட்டிக் கொடுத்த பெண் வீட்டில் அத்தையை வைத்திருப்பது குடும்பத்துக்கு அசிங்கம் என்றார் உறவுக்காரர். கதவுக்குப் பின்னால் இருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

"நான் வாரேன். ஆனா வீட்டுக்கு இல்ல. ஊர் மந்தைக்கு வாரேன். கூட்டம் போடச் சொல்லு."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பத்திர ஆபீசுக்குப் பிறகு அத்தை தெளிவாகப் பேசி அவன் கேட்டது அன்றுதான்.

கூட்டத்துக்கு நாங்கள் போனது அதே வண்டியில்தான். வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பாசஞ்சராக வந்தார். அத்தைக்கு முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்து வற்புறுத்திக் கொடுத்திருந்தார். அத்தை அதைக் கட்டிக்கொண்டு மந்தை மரத்தடியில் நடுவாக வந்து நின்றாள். பெண்கள் ஓரமாக நிற்பதுதான் வழக்கம். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.

"இதுக்குச் சுயபுத்தி இல்ல," என்றான் அண்ணன். "எந் தங்கச்சி சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கா."

ஊர்ப் பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு அத்தையிடம், "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியாமயா? எந் தோட்டத்துல வெள்ளரிப் பிஞ்சு களவாங்கி, எங்கிட்ட மாட்டுக் குச்சியால அடி வாங்குன பய நீ. அப்ப உனக்குத் தாடி இல்ல."

மந்தை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும் வரை பெரியவர் பொறுத்திருந்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். "புத்தி நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். களி, கொக்கி, அடி. அழாமல் சொன்னாள். மதினி குறுக்கே புகுந்து, "பொய். வயசானவுகளுக்கு நாங்க என்ன கொற வச்சோம்? பாத்த ஆளு யாராச்சும் உண்டா?" என்று கேட்டாள்.

அப்போது ஓரத்தில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அத்தை வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். எப்போதும் அதிர்ந்து பேசாதவள். அவள் புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

"பாக்கல. கேட்டேன். சுவத்துக்கு அங்கிட்டு தினமும் கேட்டேன். அடுத்த வீட்டுச் சண்டைக்கு நாம எதுக்குன்னு இவுக சொன்னாக, இருந்துட்டேன். இனி இருக்க மாட்டேன்."

அவள் பேசியதும் இன்னொருத்தி, அத்தைக்குப் பழைய கஞ்சி கொடுக்கப் போனபோது தன்னை மதினி விரட்டியதைச் சொன்னாள். கடலை பிடுங்க வந்த ஒரு கிழவர், காட்டில் யாரும் அத்தை பேரை எடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்ததைச் சொன்னார். ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது. அன்றுதான் அந்தத் துண்டுகள் ஓரிடத்தில் கூடின.

அண்ணன் தலையைக் கவிழ்த்தான். "மோட்டார் வச்சுட்டா எல்லாருக்கும் நல்லதுன்னுதான நெனச்சேன்," என்றான். "கேட்டப்பவே குடுத்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?"

"கேட்டப்பவும் குடுத்திருக்க மாட்டேன்," என்றாள் அத்தை. "ஆனா மோட்டாரு வச்சிருப்பேன்லே. எம் பேருலயே வச்சிருப்பேன். உனக்குத்தான் அது போதல."

ஊர் முடிவு அன்றே ஆனது. அண்ணனும் மதினியும் என் அப்பாவின் பழைய வீட்டுக்குப் போக வேண்டும். தண்டட்டி உடனே வர வேண்டும். வந்தது. அத்தை மந்தையிலேயே, எல்லார் முன்னாலும், கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி அதைக் காதில் மாட்டிக்கொண்டாள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள்.

விளைச்சலில் பங்கு என்று பேசி, தோட்டத்தை ஒரு குடும்பத்திடம் வாரத்துக்கு விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணும் அவள் புருஷனும்தான் அந்தக் குடும்பம். அறுபதுகளில் ஊருக்குக் கம்பம் நட்டு கரண்ட் வந்தபோது, அத்தையே மின்சார ஆபீசுக்குப் போய்த் தன் பேரில் மோட்டாருக்குக் கைநாட்டு வைத்து வந்தாள். அதற்கப்புறம் அண்ணனுக்குப் பிறந்த பிள்ளைகள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தன. அண்ணன் ஒரு நாள் வரப்பில் வந்து நின்றான். "நிக்காதலே, வந்து சாப்புட்டுப் போ" என்றாள். மதினியை மட்டும் அவள் கடைசி வரை வாசல்படி ஏற விடவில்லை. எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தை நாளில் மறுபடியும் கூடையோடு வர ஆரம்பித்தாள். வந்தால் நேராகப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் போவாள், அப்புறம்தான் என்னிடம்.

அந்த அக்காவின் மகள் கல்யாணத்தில் ஒன்று நடந்தது. பந்தலில் கூட்டம். பிரியாணி வாசம் தெருவெல்லாம். அத்தை என் கையைச் சுரண்டினாள்.

"அந்தத் தூண்கிட்ட இருக்காரே, அந்தப் பெரியவரப் பாரு."

பார்த்தேன். நல்ல வெள்ளைச் சட்டை, தொப்பி. பக்கத்தில் மகன், மருமகள். மரியாதையான குடும்பமாகத்தான் தெரிந்தது.

"அவரு பேசல. கேக்குறவுகளுக்கெல்லாம் மகன்தான் பதில் சொல்றான். சட்டை புதுசு. நகத்தப் பாரு, எம்புட்டு நீளம். தண்ணி குடிக்கவும் மகன் மொகத்தப் பாக்குறாரு."

அத்தை எழுந்து போனாள். மகனிடம், "தம்பி, எனக்கு முட்டு வலி. மாப்பிள்ளையச் சாப்புடக் கூப்புடுறாகளான்னு செத்த பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினாள். மருமகளை, கல்யாணப் பெண்ணின் நகையைப் பார்க்க உள்ளே போகச் சொன்னாள். காலியான நாற்காலியில் உட்கார்ந்து பெரியவர் பக்கம் சாய்ந்து, சாதாரணமாக ஏதோ கேட்டாள். அவர் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மகன் திரும்பி வந்தபோது அத்தை பூப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கல்யாணக் கூட்டம் கலைந்ததும் அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் ஓரமாகக் கூப்பிட்டு, வீட்டில் மகன் படுத்தும் பாட்டைப் பெரியவர் வாயால் கேட்டதைச் சொன்னாள். அந்தப் பெரியவர் அக்காவுக்குத் தூரத்து உறவு. அக்கா கேட்டு முடித்ததும் தன் ஜமாத்துப் பெரியவர்களிடம் கொண்டு போனார். கொஞ்ச நாளில் பெரியவரை அவர் மகள் வந்து வேடசந்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே பேரப்பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார் என்று பிறகு தகவல் வந்தது. அக்கா அதைச் சொல்ல ஓடி வந்தபோது அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

"நகம் வெட்டிக்கிட்டாராமா?" என்று கேட்டாள்.

"வெட்டிக்கிட்டாராம், அம்மா."

"சரி" என்று கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். மோட்டாரை ஓட விட்டுவிட்டு வந்திருக்கிறாளாம், பாத்தி நிறைந்து வழியும் என்று சாயங்கால நடைக்குக் காத்திராமல், இடையில் வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.